அவர் கூலியைக் கேட்டபோது

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டி உயர்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, தொழிற்சாலை கட்ட இடம் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார், ஊர்க்காரர்கள் பேசுவதை நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. அவரோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு இரண்டு மொழியும் தெரியும். பிறகு நான் எதற்கு? காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் புரிந்தது. அதிகாரி வாயிலிருந்து வரும் எதையும் வெள்ளைக்காரர் நம்பவில்லை.

ரயில், துறைமுகம், வரிச்சலுகை என்று அதிகாரி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வெள்ளைக்காரர் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்லி, நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் இறங்கிப் போனார். வரப்போரம் நின்ற ஒருத்தியிடம், கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கச் சொன்னார்.

“அதுக்குத் தோணும்போது வரும். மோட்டாராண்ட காத்துக்கினு கெடக்கணும்” என்றாள்.

“பிரச்சினை இல்லைன்னு சொல்லிடுங்க டீச்சர்” என்றார் அதிகாரி, தணிந்த குரலில், தமிழில்.

நான் அந்தப் பெண் சொன்னதைத்தான் சொன்னேன். வெள்ளைக்காரர் முகம் மாறவில்லை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றாள், அதற்கும் அசையவில்லை. அறுப்பு முடிந்தால் என்ன வேலை என்று கேட்டார்.

“இன்னா வேலை இருக்குது? சும்மா குந்திக்கினு இருப்போம்.”

நாள் கூலி எவ்வளவு என்றார். அவள் சொன்னாள், நான் சொன்னேன். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறாரு?” என்று அவள் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.

திரும்பும்போது அதிகாரி என் முழுப்பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த கல்வியாண்டில் என்னை மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள பள்ளிப்பட்டுக்கு மாற்றினார்கள். வழக்கமான மாற்றல்தான் என்றார் தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்க்காமல்.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கும்மிடிப்பூண்டி போனேன். வயல் இருந்த இடத்தில் உயரமான மதில். உள்ளே அவர்களுடைய சொந்த ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஆழ்குழாய்க் கிணறும் அவர்களுடையதே. கரண்டையும் தண்ணீரையும் பற்றி நாங்கள் சொன்னதைக் காதில் வாங்கித்தான் இருக்கிறார். அதற்காக வராமல் இருக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அந்தத் தொழிற்சாலையில்தான் மூட்டை தூக்குகிறாளாம்.

“கூலி பரவாயில்லையா?” என்றேன்.

“நடவுக்குக் குடுத்ததுதான். கொஞ்சூண்டு கூட.” சற்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அன்னிக்கு அவராண்ட இங்கிலீஷ்ல இன்னா சொன்னே, டீச்சரம்மா?”

“நீ சொன்னதைத்தான் சொன்னேன்.”

“அப்டியா” என்றாள். பஸ் வந்தது. ஏறியதும், என் பக்கம் இடம் இருந்தும், பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.