தாயைக் காட்டாத வீடு

மாமியார் போன பிறகு மாமனார் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரம் வீட்டின் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவோம். வீட்டில் ஒரு உயிர் நடமாடினால் நல்லது என்று கணவருக்குத் தோன்றியது. அவருடைய சின்ன வயதில் வீட்டில் ஓர் அல்சேஷன் இருந்ததாம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் மாமனாரின் முகம் கொஞ்சம் தெளியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குட்டி பார்க்கப் போனோம்.

யெலஹங்காவைத் தாண்டி ஒரு புது லே-அவுட்டில் வீடு. விற்கிறவர் தமிழர்தான், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். பின்பக்கம் போய் ஒரு ஆண் குட்டியைத் தூக்கிவந்து மாமனாரின் மடியில் விட்டார்.

"தாயைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். எனக்கு நாயைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. பார்க்கும் ஆசையில் கேட்டேன், அவ்வளவுதான்.

"வாக்கிங் இட்டுனு போயிருக்காங்க மேடம். அப்பாவோட போட்டோ காட்டறேன் பாருங்க. சாம்பியன் லைன்."

போட்டோவில் இருந்த நாய் கம்பீரமாகத்தான் இருந்தது. குட்டியோ மாமனாரின் வேட்டி மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. "பாரோ மகா, பாரோ" என்று அவர் கூப்பிட்டார், வாடா மகனே என்று. நாயிடமும் காய்கறிக்காரரிடமும் அவருக்குக் கன்னடம்தான் வரும். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் சிரிப்பு கேட்டது. அதற்குமேல் நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை.

குட்டியைக் காட்டப் போனபோது கால்நடை டாக்டர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "ரொம்ப சீக்கிரம் பிரிச்சிட்டாங்க. அஞ்சு வாரம்கூட ஆகியிருக்காது. எவ்ளோ பலமா கடிச்சா வலிக்கும்னு தாயும் கூடப் பிறந்ததுங்களும்தான் கத்துக்குடுக்கும். அது இதுக்குக் கிடைக்கல" என்றார். ஊசிகள் முடியும்வரை தரையில் விடக் கூடாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அப்படியே செய்தோம். மார்க்கெட் பக்கம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ் சத்தம் எல்லாவற்றையும் தூர நின்று காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். மற்றக் குட்டிகள் முகர்ந்து பார்க்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுடையது சிக்கனைக்கூட வாங்காமல் என் கழுத்துக்குள் நுழையப் பார்க்கும். வீட்டில் மாமனாரிடம் மட்டும்தான் ஒட்டியது. அவர் நடந்தால் நடக்கும், உட்கார்ந்தால் காலடியில் படுக்கும். அவரும் அதைச் சாக்காக வைத்துத் தெருவில் நாலு பேரிடம் பேசத் தொடங்கினார்.

வளர வளர உறுமல் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போனால் உறுமும். கட்டிலுக்கு அடியில் இருக்கும்போது துடைப்பத்தை நீட்டினால் உறுமும். தெரிந்தவர் ஒருவர் ஒரு டிரெய்னரை அனுப்பிவைத்தார். அவர் இரும்புச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி, உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்தார். "பாஸ் யாருன்னு காட்டணும் சார், இல்லேன்னா தலைமேல ஏறிடும்." சில வாரங்களில் உறுமல் நின்றுபோனது. எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

அதன் பிறகுதான் கடி ஆரம்பித்தது. கேட்டில் பூ கொடுக்க வந்த அம்மாவின் புடவைத் தலைப்பைப் பாய்ந்து பிடித்தது. அடுத்து கணவரின் உள்ளங்கை. கீழே விழுந்த ரிமோட்டை எடுக்கத்தான் குனிந்தார். உறுமலும் இல்லை, பல்லைக் காட்டவும் இல்லை. நேராகக் கடி.

டாக்டர் வேறொருவரை அழைத்துவந்தார். நாய்களின் நடத்தையைப் படித்துத் தொழிலாகச் செய்யும் பெண்மணி, என்னைவிடச் சில வயது மூத்தவர். வந்ததும் நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"உறுமறது கெட்ட பழக்கம் இல்லைங்க. 'எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ'ன்னு அது சொல்லுது. சொன்னதுக்கு அடி விழுந்துச்சு, அதனால சொல்றத நிறுத்திடுச்சு. பயம் மட்டும் அப்படியே உள்ள இருக்கு."

சங்கிலியைக் கழற்றி எறிந்தோம். அவர் சொன்னபடி, கடியைத் தடுக்கும் வாய்க்கூட்டைத் தண்டனைபோல மாட்டாமல், உள்ளே வெண்ணெய் தடவி, நாயே வந்து மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்தோம். தட்டை எடுக்க வேண்டுமானால் அதைவிட நல்ல ஒன்றைத் தூரப் போட்டுவிட்டு எடுத்தோம். விருந்தாளி வந்தால் அதற்கென்று ஒரு அறை, கதவுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு. தூங்கும்போது யாரும் தொடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மொட்டைமாடியில் மாமனார் பந்தை உருட்டுவார், அது எடுத்துவந்து அவர் செருப்பின்மேல் வைக்கும். அந்த மாதங்கள் பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மத்தியானம் மாமனார் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். நாய் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. காலிங்பெல் அடித்ததும் சட்டென்று எழுந்தவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தடுமாறி நாயின்மேல் விழுந்தார்.

நான் அன்று வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது அவருடைய வலது முன்கை அதன் வாயில் இருந்தது. விடவில்லை. பிடியை மாற்றி மாற்றி இன்னும் மேலே கடித்தது. பக்கத்தில் இருந்த போர்வையை அதன் தலைமேல் போட்டு இழுத்தேன். விட்டதும் ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில் புகுந்து சிறுநீர் கழித்தது. அங்கிருந்து என்னைப் பார்த்த கண்ணில் கோபமே இல்லை. குட்டியாக வேட்டி மடிப்புக்குள் நடுங்கியதே, அதே நடுக்கம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், துண்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருக்க, மாமனார் சொன்னார்: "அத அடிக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லும்மா. நான்தான் அதுமேல விழுந்தேன்."

நரம்பு அறுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நாய்க்குத் தடுப்பூசிகள் சரியாகப் போட்டிருந்தும் அவருக்கு வெறிநாய்க்கடிக்கான ஊசிகள் எல்லாம் போட்டார்கள். நாயைக் கண்காணிப்பில் வைக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே சாப்பாடு தள்ளினேன்.

நாய்க்கு உள்ளே வலி ஏதாவது இருக்குமோ என்று கால்நடை டாக்டர் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்தார். உடம்பில் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்திருக்கலாம் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் அல்லவா. கணவருக்குத் தெரிந்த ஒருவர், ஹொசகோட்டே பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "பிராப்ளமே இல்ல, மோட்டார் ஷெட்ல செயின் போட்டுக் கட்டிடறேன்." ஆளைக் கண்டால் நடுங்கும் நாயைக் காலமெல்லாம் சங்கிலியில் கட்டுவதா? அங்கே வேலை செய்பவர்களுக்குப் பிள்ளைகள் உண்டே? நாங்கள் வேண்டாம் என்றோம்.

அந்தப் பெண்மணி இன்னொன்று கேட்டார். "இதோட தாய் எப்படின்னு பார்த்தீங்களா? சிலது வளர்ப்புல வரும், சிலது ரத்தத்துலயே வரும். எதுன்னு தெரிஞ்சா முடிவு எடுக்கறதுக்கு உதவும்."

நானும் அந்தப் பெண்மணியும் சொல்லாமல் கொள்ளாமல் யெலஹங்கா வீட்டுக்குப் போனோம். குட்டியை விற்றவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தாள். மாமனாரின் கையைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போனாள்.

தகரம் போட்ட ஒரு கூண்டு. நாங்கள் அதன் பக்கம் திரும்பும் முன்பே தாய் கம்பியின்மேல் பாய்ந்து மோதியது. குரைப்பு இல்லை, வெறும் மோதல்தான். மூக்கில் தோல் உரிந்திருந்தது. வயிறு கனத்துத் தொங்கியது.

"எப்பவும் இப்படித்தாங்க. நான் சோறு வெக்கறப்பவே கடிச்சிருக்குது" என்று அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்புகள்.

"குட்டிங்கள ஏன் அவ்ளோ சீக்கிரம் குடுத்துடறீங்க?" என்று என்னுடன் வந்த பெண்மணி கேட்டார்.

"அதுக்குமேல வெச்சா அதுங்களையும் கடிச்சிடுதுங்க. போன தடவ ஒண்ணு செத்தே போச்சு."

அப்போது அவள் கணவர் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கத்தவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார், பெரியவர் எப்படி இருக்கிறார் என்று இரண்டு தடவை கேட்டார். இன்னொருவர் வாங்கிப்போன குட்டியும் கடித்ததாம், அதை ஏதோ ஏரிக்கரையில் விட்டுவிட்டார்களாம். அதையும் அவரே சொன்னார். தாயைக் காட்டி, "கார்டு டாக்னா இப்படித்தான் மேடம் இருக்கணும்" என்றார். நாங்கள் கிளம்பும்போது கேட்டுவரை வந்தவர் தயங்கிக் கேட்டார்:

"உங்க ஆண் நல்லா ஹைட்டா வந்திருக்குமே. எதுக்கும் ஒருதடவ மேட்டிங்குக்குக் குடுப்பீங்களா? என்கிட்ட வேற ரெண்டு பொட்டை இருக்குது."

 நாங்கள் கேட்டைத் திறந்து வண்டியில் ஏறினோம்.

நாயை ஊசி போட்டுக் கண்மூடவைப்பது என்ற முடிவை மாமனாரிடம் கணவர்தான் சொன்னார். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வயசு ரெண்டுகூட ஆகலையேடா" என்றார்.

"தெரியும்பா."

"நான் கூட இருக்கணும்."

டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க மாத்திரையைச் சிக்கனில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். மாமனார் இடது கையால் கொடுத்தார். வாய்க்கூட்டைக் காட்டியதும், கற்றுக்கொடுத்தபடியே அது தானாக வந்து மூக்கை நுழைத்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, போகவில்லை. முதல் ஊசி போட்டு, தலை சாய்ந்ததும் வாய்க்கூட்டைக் கழற்றினோம். முதன்முறையாகப் பயமில்லாமல் அதன் நெற்றியை எல்லோரும் தடவினோம். மாமனார் "மலக்கோ மகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. இரண்டாவது ஊசி போட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

சில வாரம் கழித்து யெலஹங்காவிலிருந்து விற்றவரின் மனைவி போன் செய்தாள். தாய் ஈன்றுவிட்டது. பாதிக் குட்டிகள் இறந்தே பிறந்தன, கூண்டில் பல நாள் ரத்தப்போக்கு. இன்னொரு ஈற்று தாங்காது என்று அங்கே பார்த்த டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் கணவர் இறங்கிவந்திருக்கிறார். "கர்ப்பப்பைய எடுக்கற ஆபரேஷன் பண்ணிடலாம்னு அவரே சொல்லிட்டாரு. கூண்டுலேர்ந்து எடுக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. அந்த மேடம் வருவாங்களா?"

போனோம். மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் முடித்தோம். மிஞ்சிய குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்குள் வைக்கச் சொன்னார் எங்களுடன் வந்த பெண்மணி. ஆனால் எட்டு வாரம்வரை ஒன்றோடொன்று சேர்த்தே வளர்க்க வேண்டும். தினமும் கையில் எடுத்துப் பாதம், காது, வாய் எல்லாம் தொட வேண்டும். புட்டிப்பாலோ சோறோ கொடுக்க மனிதர் கை அருகில் வந்தால் நல்லதே நடக்கும் என்று அவை தெரிந்துகொள்ள வேண்டும். சொன்னதையெல்லாம் விற்றவரின் மனைவி செய்தாள். இரண்டு குட்டிகள் நன்றாகவே வந்தன. ஒன்று மட்டும் யார் வந்தாலும் சோபாவுக்கு அடியில்தான். அதை விற்க விடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். தன்னிடமிருந்த வேறு இரண்டு பெட்டை நாய்களை அவள் கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே இன்னும் குட்டிகள் பிறக்கின்றன.

மாமனார் இப்போது வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான். யாராவது விரல்களைக் கேட்டால் கேட்டில் மாட்டிக்கொண்டது என்பார். நாய் எங்கே என்றால், உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்பார். நாங்கள் திருத்தியதில்லை.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன், உற்சாகமாக வந்தார். பிள்ளைகளுக்குக் குட்டி வாங்கப்போகிறாராம், பெரியவருக்கு அனுபவம் இருக்கிறதே, எந்த ஜாதி நல்லது என்று கேட்டார்.  மாமனார் இடது கையால் வலது கைப் பொத்தானைச் சிரமப்பட்டுக் கழற்றிச் சட்டையை மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தழும்பு தெரிந்தது.

"ஜாதி கிடக்கட்டும்பா. முதல்ல தாயப் பாரு. உன் பிள்ளைங்க பக்கத்துல போனா அது என்ன பண்ணுதுன்னு பாரு. காட்ட மாட்டேன்னா குட்டி எவ்ளோ அழகா இருந்தாலும் எழுந்து வந்துடு" என்றார். பிறகு நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். எங்களிடம்கூடச் சொல்லாத சிலதையும் சொன்னார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டில் ஒரு குட்டியின் குரல் கேட்டது. தாயைப் பார்த்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.