காலமானவரின் நாற்காலி

நெட்டையண்ணன் செத்துப்போய்விட்டார் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. கை தானாகத் தலைக்குப் போனது. முடி காதை மூடி, சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இனி யாரிடம் வெட்டிக்கொள்வது என்ற கவலை முந்திக்கொண்டது. துக்கம் அதன் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

"எப்போ?" என்றேன்.

"அது தெரியலை. ஆனா உறுதி. கலைக் கண்காட்சியில எழுதியே வச்சிருக்காங்க. அவரோட நாற்காலியை நடுவுல போட்டு, மேல ஒரு விளக்கையும் மாட்டி, காலமானவர்னு போட்டிருக்கு. பச்சை ரெக்சின், வலது கைப்பிடியில சிகரெட் சுட்ட ஓட்டை. அந்த ஓட்டை என் மச்சான் போட்டது. எனக்குத் தெரியாதா?"

அண்ணனின் முடிதிருத்தகம் சில வாரங்களாகப் பூட்டிக் கிடந்ததும் இதற்குத் தோதாக இருந்தது. ஆனாலும் சுவரில் ஒட்டியதை நம்பி ஒருவருக்கு இரங்கல் எழுதும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. நேரில் விசாரித்துவிடலாம் என்று, போகிற வழியிலேயே முகத்தைத் தேவையான அளவுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைக் காலமானவரே திறந்தார்.

"என்ன சார், மூஞ்சி இப்படி இருக்கு? வீட்டுல யாராவது போயிட்டாங்களா?"

"எங்க வீட்டுல இல்லண்ணே. இங்கதான்."

"இங்க யாரு?"

"நீங்கதான்னு பேச்சு." மருந்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் உள்பக்கம் திரும்பி, "ஏய், நான் செத்துட்டேனாம். டீ போடு" என்றார்.

"வந்தவருக்கு மட்டுமா, உங்களுக்கும் சேர்த்தா?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது முட்டி கெட்டுப்போனது. நின்ற இடத்தில் நாள் முழுக்க நிற்பார். பக்கவாட்டில் நாலு எட்டு வைக்கச் சொன்னால் உயிர் போய்விடும். மற்ற முடிதிருத்துநர்கள் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி வருவார்கள். இவர் நின்ற இடத்திலேயே நிற்க, உட்கார்ந்திருப்பவர்தான் சுழல வேண்டும். வலது முழங்காலால் நாற்காலியின் விலாவில் ஒரு தட்டு. அது சத்தமில்லாமல் திரும்பி, அவருக்கு வேண்டிய காதைக் கத்தரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஒரு மயிரிழை கூடவோ குறையவோ போகாது. "நான் உலகத்தைச் சுத்தினதில்லை சார். ஊர்ல உள்ள தலையெல்லாம் என்கிட்ட வந்து சுத்தியிருக்கு" என்று பீற்றிக்கொள்வார். பீற்றல் அவருக்குக் கூடப்பிறந்தது.

அந்த நாற்காலியைத்தான் அவருடைய அக்கா மகள் கண்காட்சிக்கென்று கேட்டு வாங்கிப் போயிருந்தாள். வடிவமைப்புப் படித்த பெண். ஒரு வாரம் என்றாள். கூட்டம் வந்ததால் கண்காட்சியை நீட்டித்துவிட்டார்கள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுச் சமாளித்துப் பார்த்தார். முட்டி வீங்கியது. கல்யாண மாப்பிள்ளை ஒருவனுக்குக் கிருதா ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போய்விட்டது. கடையைச் சாத்திவிட்டார்.

"வாங்க சார், இன்னைக்கே போய் வாங்கிட்டு வந்துடலாம். அது வந்தாத்தான் கடை. கடை இருந்தாத்தான் இந்த வீட்டுல எனக்கு மரியாதை."

"முன்னாடி இருந்துச்சாக்கும்" என்றது அடுப்படி.

தற்காலக் கலை என்ற ஒன்றை நாங்கள் இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. முதல் அறையிலேயே ஒரு மேஜை. மூன்று கால்கள் தரையில் இருக்க, நான்காவது கால் நீண்டு வளைந்து சுவருக்குள் புகுந்திருந்தது. விடுவதாயில்லை என்று அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தோம். சுவரைத் துளைத்துக்கொண்டு அங்கே வந்து ஊன்றியிருந்தது. "தச்சன் அளவு எடுக்காம விட்டுட்டான்" என்றார் அண்ணன். அப்புறம் வாய்க்கு எட்டாத நீளத்தில் கரண்டிகள். வெளிச்சம் தராத ஒரு விளக்கு. அதைப் பார்ப்பதற்கு வேறொரு விளக்கு. பத்திரிகையில் நான் எழுதும் பத்திக்கு ஆகுமே என்று கேலி வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த அறையில் காலி மாத்திரை அட்டைகளைக் கோத்துத் தைத்த நீண்ட அங்கி ஒன்று தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது சரசரத்தது. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அவர் தலைமாட்டில் கேட்ட அதே சத்தம். அடுக்கிவைத்த வாக்கியங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

கடைசி அறையில் நாற்காலி இருந்தது. ஒற்றை விளக்கு. சுற்றிலும் தரையில் நறுக்கிய முடி. அண்ணன் கடையில் பெருக்கி அள்ளியதுதான். அதில் என் பங்கும் இருந்திருக்கும். சுவரில் எழுதியிருந்தது: 'காலமான ஒரு முடிதிருத்துநரின் இருக்கை.' எதிரே ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அழறீங்க?" என்றார் அண்ணன்.

"ஆயுசு முழுக்க ஒரே இடத்துல நின்னாராம். பாவம்."

"ஆளு எப்படியாம்?"

"நல்லவராத்தான் இருந்திருப்பார்."

"ரொம்ப நல்லவரும்மா. கொஞ்சம் முன்கோபம், அவ்வளவுதான்" என்று அண்ணன் ஆமோதித்தார்.

அதற்குள் அக்கா மகள் ஓடிவந்தாள். "மாமா, உங்களை யாரு இங்க வரச் சொன்னது?"

"செத்தவன் வந்தா இப்படித்தான் வரவேற்பியா கண்ணு?"

அவள் முகம் வெளுத்தது. "அது உங்களைச் சொல்லலை மாமா. பொதுவா ஒரு ஆளு. உயிரோட இருக்காருன்னு போட்டா, அப்ப அவரு எதுல உக்காரவச்சு வெட்டறாருன்னு கேப்பாங்க. பதில் சொல்லணும்ல?"

"பதில் சொல்லச் சோம்பல்பட்டு ஆளையே முடிச்சிட்ட. உங்கம்மாவுக்குத் தெரியுமா, தம்பி போயிட்டான்னு?"

"அம்மாதான் எழுத்துப்பிழை பாத்துக் குடுத்தாங்க."

அக்கம்பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நாற்காலியை எடுத்துப்போகத்தான் வந்தேன் என்றார். இன்னும் ஒரு வாரம்தான் மாமா, எனக்கு முதல் கண்காட்சி என்றாள். அவளிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

"சரி, இருக்கட்டும். ஆனா நான் உயிரோட இருக்கேன்னு இவங்களுக்குக் காட்டிட்டுத்தான் போவேன். சார், ஏறி உக்காருங்க."

காவலாளி பதறிக்கொண்டு வந்தார், அவள் கையமர்த்தினாள். நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற பையில் அண்ணன் கத்தரியும் சீப்பும் வைத்திருப்பார். வெட்ட ஆரம்பித்தார். கூட்டம் நெருங்கி நின்றது. வலது பக்கம் முடிந்ததும், வழக்கம்போல் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

நாற்காலி திரும்பவில்லை.

இன்னொரு தட்டு. என் பற்கள் அதிர்ந்தன, நாற்காலி அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அடியில் பார்த்தார்.

"பிள்ளைங்க ஏறிச் சுத்தறாங்கன்னு சொன்னாங்க. அதான் வெல்டு வச்சாச்சு. நான்தான் சரின்னேன் மாமா" என்றாள் அவள். கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை.

தான் செத்த செய்தியைக் கேட்டு டீ போடச் சொன்ன மனிதர் அவர். இப்போது வெல்டு வைத்த இடத்தை விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்தே நிமிர்ந்தார். பிறகு என் இடது பக்கத்துக்கு நடந்தே வந்துவிடலாம் என்று பார்த்தார். இரண்டாவது எட்டிலேயே முட்டி மடங்கியது. என் தோளைப் பிடித்துத் தொங்கினார். கூட்டம் கைதட்டியது. அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று ஒருவர் காவலாளியை விசாரித்தார்.

"வெட்டி எடுத்துடலாம் மாமா" என்றாள் அவள்.

"எடுத்தா பழையபடி திரும்புமா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அண்ணன் சீப்பை ஊதிப் பையில் வைத்துக்கொண்டார்.

"செத்தது நான் இல்லை கண்ணு. எழுதினதை மாத்து."

கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். மாற்றியிருந்தாள்: 'காலமான நாற்காலி. உரிமையாளர் நலம்.' அந்த அம்மாள் மறுபடி வந்திருந்தார். இந்த முறை அழவில்லை, கொஞ்சம் ஏமாந்தவர்போல் இருந்தார்.

இப்போது அவள் தினமும் சாயங்காலம் மாமாவின் கடைக்கு வருகிறாள். நாற்காலி சுற்றாவிட்டால் மாமாவையே உட்காரவைத்துச் சுற்றவிடுவது என்று சக்கரம் வைத்த முக்காலி செய்கிறாள். முதலில் செய்தது அவரைத் தெருவுக்கே கொண்டுபோய் விட்டது. அடுத்தது வலப்பக்கம் மட்டும் போகிறது. கடை இன்னும் திறக்கவில்லை.

வேறு கடைகளுக்குப் போய்ப் பார்த்தேன். அடுத்தவர் பாதியில் விட்ட தலையில் கத்தரி வைக்கமாட்டோம், அது தொழில் மரியாதை என்று நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. அண்ணனிடம் போய் நின்றால், முக்காலியில் ஒரு கை ஊன்றியபடி என் தலையை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"மறக்கலை சார். உங்க இடது பக்கம் எனக்குப் பாக்கி."

தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன்.