விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

மழையில்லாத இதமான குளிர்காலம் வந்துவிட்டால் அந்தப் பழைய நகரத்து மணிக்கூண்டில் கூட்டம் அள்ளும். அதன் காவலர், தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் நழுவிவிடுவார். மணிக்கூண்டில் மட்டும் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே இன்ஜினியர் தேதி எழுதி ஒட்டிய காகிதம் கிழியும்போதெல்லாம், புதிதாக ஒன்று வெட்டி, அதே பழைய தேதியை எழுதி ஒட்டிவிடுவார். இந்த மாதம் மட்டும் ஆறு முறை.

இன்று இன்ஜினியர் வந்து பார்த்தார். "மூணு வருஷமா கிழியவே இல்லையே! சுவர் அசையல. இனிமே ஒரே நேரத்துல இருநூறு பேரை மேல விடுங்க."

"நான் இருக்கும்போது கிழிய விட்ருவேனா சார்?" காவலருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இருநூறு பேரும் திமுதிமுவென்று ஏறினார்கள். காவலரின் பிடரியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதைத் தட்டிவிட்டு, பசை டப்பாவை எடுக்கப் போனார்.