இரண்டரை அடி மூக்கு

மில்லில் இருந்த ஆயில் கேனைப் பிடிக்கக் குறைந்தது மூன்று விரல்கள் வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூக்குக்கு இரண்டு பக்கமும் பதிய வேண்டும். கட்டைவிரல் அடித்தகட்டின் நடுவில் இருக்க வேண்டும். கேனைச் சாய்த்துக் கட்டைவிரலால் அமுக்கினால் தகடு ‘டொக்’ என்று உள்ளே குழியும், மூக்கின் நுனியில் எண்ணெய் சொட்டும். விரலை எடுத்தால் தகடு தானாக வெளியே வரும். மூக்கின் நீளம் ஒரு சாண். வெல்டிங் பட்டறை, தையற்கடை, அச்சகம் என்று நான் போன இடங்களிலெல்லாம் சிறிதும் பெரிதுமாக இதே கேன்தான் இருந்தது. அதை வடிவமைத்தவர் யாரோ, எல்லோருக்கும் கட்டைவிரல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், என் அக்காவின் கணவருக்கு வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் போயின.

அத்தான் வரிச்சிக்குடிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் எண்ணெய் விடுகிறவராக இருந்தார். நான் காரைக்காலில் இருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மில்லின் மேற்குச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில், ஒரு நீண்ட இரும்பு ஷாஃப்ட் ஓடும். ஆயில் எஞ்சின் அதைச் சுற்றும். அதிலிருந்து இறங்கும் பெல்ட்டுகள் கீழே உள்ள அரைவை இயந்திரங்களைச் சுற்றும். ஷாஃப்டைத் தாங்க ஒன்பது பேரிங். ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணெய் விட ஒரு சின்னக் கிண்ணம். ஷாஃப்டை ஒட்டி, ஓர் அடி அகலப் பலகை ஒன்று சுவர் நீளத்துக்கும் போட்டிருக்கும். எண்ணெய் விடுகிறவர் ஏணியில் ஏறி அந்தப் பலகையில் நடந்து போவார். இடது கை உத்திரத்தைப் பிடித்திருக்கும். வலது கையில் கேன் இருக்கும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அறுவடைக் காலத்தில் எந்த மில்லிலும் எண்ணெய் விடுவதற்காக எஞ்சினை நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. நிறுத்தினால் அரைபட்டுக்கொண்டிருக்கும் நெல் இயந்திரத்துக்குள் அடைத்துக்கொள்ளும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எஞ்சினைத் திரும்பக் கிளப்ப மூன்று பேர் சக்கரத்தில் தொங்க வேண்டும். அதனால் ஓட்டத்திலேயே எண்ணெய் விடுவதுதான் வழக்கம். எண்ணெய் விடுகிறவர் வேட்டி கட்டமாட்டார், சட்டை போடமாட்டார், அரைக்கால் சட்டையும் பனியனும்தான். அப்படியிருந்தும் ஏழாவது பேரிங்கில் பெல்ட் இணைப்பின் கம்பி ஒன்று அவர் கையை இழுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது அவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: “பேப்பர்ல போட்டுடாத. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு, மொதலாளிக்கு வருத்தமாயிரும்.”

நான்கு வரிச் செய்தியை எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மில்லுக்குத் திரும்பினார். அதுவரை பக்கத்து ஊர் மில்லின் ஆள் வந்து எண்ணெய் விட்டுப்போனார். முதலாளி கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். இந்தக் கையோடு எண்ணெய் விட முடியுமானால் அந்த வேலை அவருக்கே, பங்குனி பிறப்பதற்குள் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் களத்தில் நெல் தள்ளலாம். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் கட்டையால் தள்ளிக் காயவைக்கிற வேலை அது, பெரும்பாலும் பெண்கள் செய்வது. மில்லுக்குள் எஞ்சின் டிரைவருக்கு அடுத்த இடம் எண்ணெய் விடுகிறவருக்கு. களத்தில் இருப்பவர்களை மில்லுக்குள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தானுக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

இடது கையால் ஏன் விடக்கூடாது என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். சுவர் இந்தப் பக்கம், ஷாஃப்ட் அந்தப் பக்கம். இடது கையில் கேனைப் பிடித்தால், வலது கையால் உத்திரத்தைப் பிடிக்க உடம்பைத் திருப்ப வேண்டும். அப்போது முதுகு பெல்ட்டைப் பார்த்து இருக்கும். “முதுகுக்குக் கண்ணு இருக்கா?” என்றார்.

கேனைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானது. காரைக்கால் மார்க்கெட்டுக்குப் பின்னால் தகர வேலை செய்கிற பாய் ஒருவர் இருந்தார். புனல், சீமெண்ணெய் அளக்கிற குவளை, பம்ப் ஸ்டவ் ரிப்பேர் என்று எல்லாம் அந்தக் கடையில். அத்தானின் கையை வாங்கி, மிச்சமிருந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

“அமுக்க வராது. ஆனா புடிக்க வருது. சைக்கிள்ல பிரேக் புடிக்க எத்தினி வெரல் வேணும்?”

“மூணு போதும் பாய்.”

“அப்ப மூணுக்குச் செய்வோம்.”

அவர் செய்தது இது. பழைய ஸ்டவ்வில் இருந்து கழற்றிய பம்பைக் கேனுக்குள் நிற்க வைத்துப் பற்றவைத்தார். பம்பின் தண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு சைக்கிள் பிரேக் பிடியைப் பொருத்தினார். கேனின் பக்கவாட்டுப் பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்று விரலால் பிரேக்கைப் பிடித்தால் தண்டு இறங்கும், விட்டால் சுருள் கம்பி அதைத் தூக்கிவிடும். எண்ணெய் திரும்பிப் போகாமல் இருக்க, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக அடைப்பான் மாதிரி இரண்டு சைக்கிள் பால்ஸ் குண்டுகள். தோல் வாஷர் எண்ணெயில் ஊறி நன்றாக உப்பியது. மூக்குக்கு ஏதோ டிராக்டரில் இருந்து வந்த மெல்லிய செம்புக் குழாய் அவரிடம் இரண்டரை அடி இருந்தது. அதை வெட்டாமல் அப்படியே வைத்து, நுனியை மட்டும் தூண்டில் முள்போல் வளைத்தார்.

இந்தக் கேனைச் சாய்க்கவே வேண்டியதில்லை என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. பழைய கேனில் எண்ணெய் கீழ்நோக்கித்தான் வரும். அதனால் பேரிங்குக்கு மேலே கை இருக்க வேண்டும். இதில் பம்ப் எண்ணெயை மேலே தள்ளியது. முதல் சோதனையில் அத்தான் பலமாகப் பிடித்துவிட, கடையின் கூரை ஓட்டில் போய் எண்ணெய் அடித்தது.

“என் கடைக்கு எதுக்குங்க எண்ணெ? அது சத்தம் போடாமதான ஓடிக்கிட்டிருக்கு,” என்றார் பாய், தலையைத் துடைத்துக்கொண்டே.

அத்தான் சிரித்தார். விபத்துக்குப் பின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நாள் மாலை, அரைவை முடிந்து எஞ்சின் நின்ற பிறகு, மில்லில் பழகிப் பார்க்கப் போனோம். முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். எஞ்சின் டிரைவர் மட்டும் கையில் ஒட்டிய மசியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நின்றார். அத்தான் பழக்கத்தில் ஏணிப் பக்கம் போனார். பிறகு நின்றார். ஒரு நெல் மூட்டையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஏறிக் கையை உயர்த்தினார். வளைந்த நுனி முதல் பேரிங்கின் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டு பிடி. எண்ணெய் கிண்ணத்தில் ஏறியது. மூட்டையை நகர்த்தி இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதுக்கும் அப்படியே. கை பெல்ட்டில் இருந்து மூன்றடி தள்ளி இருந்தது. ஒன்பதும் முடிய, பலகையில் நடந்தால் ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

டிரைவர் வாங்கி ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

“யோவ் மாப்ள, பிரமாதம்யா. இனிமே எங்க வீட்டுல உள்ளவளே வந்து கீழ நின்னு எண்ணெ வுட்டுட்டுப் போயிருவா. ஒன்னய எதுக்கு வச்சிருக்கணும்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதில் விஷமம் இல்லை. ஆனால் அத்தான் கேனைத் திரும்ப வாங்கி, கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டினார். ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. எனக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. களைப்பு என்று நினைத்தேன். செய்தி எழுதுகிறவனுக்கு இது பெரிய பிசகு.

மூன்று நாள் கழித்து, மார்க்கெட் ஏலம் சம்பந்தமாக ஒரு செய்திக்காகப் போனவன் பாய் கடையில் நின்றேன். தரையில் செம்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. தூண்டில் முள் வளைவு அதில் அப்படியே இருந்தது.

“ஒங்க மச்சான்தான் வந்தாரு. ஒரு சாண் வுட்டு மிச்சத்த அறுத்துருங்கன்னாரு. நீளமா இருந்தா கண்ணுல குத்துதாம்.” பாய் என்னைப் பார்த்தார். “கண்ணுல எங்கங்க குத்தும்? நான் கேக்கல. அவரு சாமான்.”

கேனைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மனத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் மூக்கென்றால் பலகையில் ஏற வேண்டும். பலகையில் ஏறி, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நடக்க அந்த மில்லில் அவர் ஒருவரால்தான் முடியும். பிரேக் பிடி இருப்பதால் அவரால் எண்ணெய் விட முடியும். மூக்கு குட்டையாக இருப்பதால் மற்றவர்களால் முடியாது. நன்றாகவே யோசித்திருக்கிறார்.

அன்று மாலை அவர் வீட்டுக் கொல்லையில் கேட்டேன். மறுக்கவில்லை.

“ரெண்டரை அடி இருந்தா எந்த ஆளும் போதும். ஒரு சாண் இருந்தா நான் வேணும். அவ்ளோதான்.”

“மூணு வெரலோட அங்க ஏறப்போறீங்களா அத்தான்?”

“பதினோரு வருசம் ஏறுனேன்.”

“அப்ப அஞ்சு இருந்துச்சு.”

“ஒங்க அக்காக்கிட்ட இதச் சொல்லாத. பேப்பர்ல போடாம வுட்டல்ல, அந்த மாதிரி வுட்டுடு.”

அவர் முதலாளியிடம் செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்த நாள் வரப்போகிற திங்கட்கிழமை. அன்று வெள்ளி. சனிக்கிழமை முழுவதும் சும்மா இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டு நான் அனுப்பாமல் விட்ட நான்கு வரிகள் நினைவில் ஓடின. அனுப்பியிருந்தால் யாராவது வந்து பெல்ட்டுக்கு மறைப்புப் போடச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஞாயிறு காலை அக்கா பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். முழுவதையும், நான் பார்த்த வரிசையிலேயே சொன்னேன்.

அக்கா அழவில்லை. “அந்தத் துண்டு பாய்க்கிட்ட இருக்கா?” என்றுதான் கேட்டாள்.

வீட்டுக்குப் போனோம். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா கோணியைப் பிரித்துக் கேனை எடுத்துக்கொண்டாள். பாய் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். குழாய் இணைப்பில் ஒரு வளையம் போட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். பழைய நீளத்தில் அரை அங்குலம்தான் குறைந்தது. அங்கிருந்து அக்கா நேராக முதலாளி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

முதலாளி வாசலுக்கு வந்தார். அக்கா உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்காரரு செஞ்சதுங்க. இத வச்சுக் கீழ நின்னே எண்ணெ வுடலாம். யாரும் மேல ஏற வேண்டியதில்ல. நாளைக்கு அவரு வேற மாதிரி சொன்னாலும் நீங்க ஏற வுடாதீங்க.”

“அவருக்குத் தெரியுமாம்மா, நீங்க வந்தது?”

“தெரியாதுங்க. நான் போயிச் சொல்லிக்கிறேன்.”

முதலாளி கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார். முற்றத்துத் தூணில் எண்ணெய் பட்டது. அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அக்காவும் கவனித்தாள், நானும் கவனித்தேன். இனி தனியாக ஓர் ஆள் தேவையில்லை என்று அந்தக் கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு அது தெரிந்துதான் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எஞ்சின் டிரைவர் மூட்டை மேல் ஏறி எண்ணெய் விட்டார். அந்த வாரத்திலேயே பலகையைக் கழற்றிவிட்டார்கள். கேனைச் செய்தவர் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அத்தானைப் பாராட்டினார், களத்தில் மேஸ்திரி மாதிரி இருந்துகொள்ளலாம் என்றார். அப்படி ஒரு பதவி களத்தில் கிடையாது. அத்தான் நெல் தள்ளினார். சுரக்குடியில் ஒரு மில்லும் போலகத்தில் ஒரு மில்லும் பாயிடம் அதே மாதிரிக் கேன் செய்து வாங்கிப்போனதாக அறிந்தேன். அவை எல்லாவற்றிலும் பிரேக் பிடி இருந்தது. முழுக் கைகளோடு இருந்தவர்கள் அது எதற்கு என்று கேட்டார்களா என்று தெரியவில்லை.

அத்தான் அக்காவோடு சண்டை போடவில்லை. சாப்பாடு கேட்பார், பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேசுவார். மில்லைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. என்னிடம் ஒரே ஒரு முறை, சம்பந்தமில்லாத பேச்சின் நடுவில், “நீ சொல்லாம இருந்திருக்கலாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்காவிடம், செய்தது சரிதானா என்று கேட்டேன். வெயிலில் கறுத்து அவர் களத்தில் இருந்து வரும் நேரம். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு என்மேல வருத்தந்தான். இருந்துட்டுப் போவுது. தெனம் சாயங்காலம் வராருல்ல.”

அந்த மில்லில் அதற்குப் பிறகு, நான் அறிந்தவரை, பெல்ட் அறுந்ததில்லை, யார் கையும் மாட்டியதில்லை. அவர் பலகையில் ஏறியிருந்தால் விழுந்திருப்பார் என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஏறியிருந்தால், எந்தக் குறையும் இல்லாமல், இன்னும் பதினோரு வருடம் அந்தப் பலகையில் நடந்திருக்கவும் கூடும்.