ஒரு வருஷத்தில் வருவதாகச் சொன்ன சுயராஜ்யம்

அந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த செய்தித்தாளில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். மளிகைக் கடையில் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் ஒரு நாள் கிடந்து, கடைக்காரர் படித்து முடித்த பிறகே அது எங்கள் கைக்கு வரும். அதை விரித்து, தறிச் சத்தத்துக்கு மேலே தொண்டையை உயர்த்திப் படிப்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. காஞ்சிபுரத்துத் தறிக் குடும்பமான எங்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால், பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அது இன்றும் முழுதாகப் போய்விடவில்லை.

நான் பள்ளிக்குப் போனது கெட்டிக்காரி என்பதால் அல்ல. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து நெய்கிற 'கோர்வை'ச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் நெய்கிறவர் இருக்க, கரைக்கான நூலைச் சுமந்து ஓடும் நாடாவைத் தள்ள வலப்பக்கம் ஓர் ஆள் உட்கார வேண்டும். 'நைனா' என்று நாங்கள் கூப்பிடும் அப்பா என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். என் கையில் நாடா தடுமாறும், இழை அறும், அவர் இறங்கி முடிச்சுப் போடுவார். ஆறு மாதம் பொறுத்துவிட்டு, "தறிக்குத்தான் ஒதவல, பள்ளிக்கூடத்துக்காச்சும் ஒதவட்டும்" என்று அனுப்பிவிட்டார். என் இடத்தில் தங்கை தனம் உட்கார்ந்தாள். என்னைவிட இரண்டு வயது சிறியவள். அவள் கை பட்டால் இழை அறாது. அந்தக் கைதான் அவளைத் தறியிலேயே பிடித்து வைத்துவிட்டது என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

ஒரே வருஷத்தில் சுயராஜ்யம் வந்துவிடும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட காலம் அது. எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமாவும், சென்னையில் ஒரு மில்லில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட கன்னியப்பனும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது வந்தபின் நாடு எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போடுவார்கள்.

"மில்லெல்லாம் இழுத்து மூடிடுவாங்கப்பா. வீட்டுக்கு வீடு தறிதான்" என்பார் மாமா.

"இன்னும் நூறு மில்லு கட்டுவாங்க, பாத்துக்கினே இரு. மொதல்ல நீ கட்டிக்கினு இருக்கிற வேட்டி எந்தத் தறியில நெய்ஞ்சது?" என்பார் கன்னியப்பன். மாமா அவசரமாக மில் வேட்டியின் ஓரத்தை மடித்துச் செருகிக்கொள்வார். நைனா வாய்விட்டுச் சிரிப்பார்.

ஒரு நாள், சுயராஜ்யத்தில் ஆணும் பெண்ணும் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் படிப்பார்கள் என்று ஒருவர் மேடையில் பேசியதைப் படித்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று பேரும் தலையாட்டினார்கள். வலப்பக்கத்திலிருந்து, நாடாவை நிறுத்தாமலே தனம் கேட்டாள்: "எல்லாரும் படிக்கப் பூட்டா கோர்வைக்கு யாரு ஒக்கார்றது நைனா?"

"வெள்ளைக்காரன் சும்மாத்தானே இருப்பான், அவனைப் புடிச்சு ஒக்கார வைப்போம்மா" என்றார் கன்னியப்பன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "அப்ப நானும் போலாமா?"

"வரட்டும், போவலாம்" என்றார் நைனா.

"எப்ப வரும்?"

"அடுத்த கருட சேவைக்குள்ள வந்துடும்" என்றார் மாமா.

கருட சேவைக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவள் காத்திருந்தாள். கருட சேவை வந்தது, பெருமாள் எழுந்தருளினார், கூட்டம் கலைந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், தலைக்கு எண்ணெய் தடவி, என் பழைய பாவாடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவள் வாசலில் தயாராக நின்றாள். சுயராஜ்யம் இன்னும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டிக்கொண்டு போனேன்.

பத்து வயதுப் பெண் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் தன் பெயரை எழுதிவிட்டாள். எழுத்துகள் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன. வாத்தியார் பலகையை உயர்த்திக் காட்டி, "உன் தங்கச்சி உன்னை முந்திப்பா போலிருக்குதே" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் தறி நின்றிருந்தது. நைனா திட்டவில்லை. "ரெண்டு பேரும் போனா இன்னாம்மா பண்றது? ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை போயாவணும்" என்றார். தனம் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போலும். "ஒரு நாளு அக்கா போவட்டும், ஒரு நாளு நான் போறேன். நான் போற அன்னிக்கு அக்கா ஒக்காரட்டும்."

நைனா என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்றே?"

"எனக்குத்தான் கை வராதே நைனா. இழை அறுந்துபூடும்" என்றேன்.

"மெதுவாத் தள்ளுனா அறாதுக்கா. நான் கத்துக் குடுக்கறேன்."

"எனக்குப் பரீட்சை இருக்குது." பரீட்சைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன.

மறுநாள் நான் எழுந்திருக்கும்போதே அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு சுயராஜ்யம் எப்போது வரும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

இப்போது நான் ஆசிரியைப் பயிற்சியை முடித்துவிட்டேன். தனத்தைப் பதினாலு வயதில் பிள்ளையார்பாளையத்தில் இன்னொரு தறி வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாமா காலமாகிவிட்டார், கன்னியப்பன் மறுபடி மில்லுக்கே போய்விட்டார், அந்தச் சண்டையைப் போட எங்கள் வீட்டில் இப்போது யாருமில்லை. ஆனால் மில்லா தறியா என்று மேடையில் இன்னும் பேசுகிறார்கள். நாடு நம் கைக்கு வந்தபின் எதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், பள்ளிக்குப் போக இருந்த ஒரே இடத்தில் பாதியைக் கூடத் தங்கைக்குத் தராத நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

போன வாரம் மாதர் கூட்டத்தில் பெண்கல்வி பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அவள் பள்ளிக்கு வந்த அந்த நாளைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்கத் தனத்தின் வீட்டுக்குப் போனேன்.

"எந்த நாளுக்கா?" என்றாள்.

சொன்னேன். நான் பரீட்சை என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். கைக்குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். உள்ளேயிருந்து கணவன் கூப்பிட, எழுந்து போய்த் தறியின் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.