ஜவுளிக்கடையில் மாட்டியிருந்த படம்

என் நைனாவுக்குத் தன் அப்பா யாரென்று தெரியாது. பழைய பள்ளிப் பதிவேட்டிலும் அந்த இடம் காலி. அதனால் நான் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டேன். அதே நிறுவனத்தில் பரிசோதனை செய்திருந்த, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவன் எனக்கு நெருங்கிய சொந்தம் என்று முடிவு வந்தது.

"அண்ணா, செஞ்சி கடைத்தெருவுல எங்க நைனா ஜவுளிக்கடை வெச்சிருக்காரு. போய்ப் பாருங்க" என்று அவனே எழுதினான்.

இன்று போனேன்.

"வாங்க சார், இன்னா பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர். போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த ஊரு?"

"தொண்டூருங்க."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனி."

அதோடு 'சார்' போய்விட்டது.

"எங்கப்பா நெலத்துல உங்காளுங்க நாத்து நட வந்தாங்க. அத்தோட சரி. சொத்துல பங்கு கேக்க வந்தியா?"

நட வந்தவர்களில் என் நைனாவின் அம்மாவும் ஒருத்தி.

"சொத்து வேணாங்க. எங்க நைனா அவரு அப்பா மூஞ்சியப் பாத்ததே இல்ல. மேல மாட்டியிருக்குற உங்கப்பா படத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அவர் சட்டென்று எழுந்து படத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மரியாதையா வெளியே போயிடு."

ஆனால் மறைத்து என்ன பயன்? அந்த நெற்றி, அந்த மூக்கு... மறைத்து நின்றவரே என் நைனாவை உரித்து வைத்தாற்போல் இருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள், வெளிநாட்டிலிருக்கும் அவர் மகன் என்னை பிளாக் செய்துவிட்டான்.

பொங்கலுக்கு நைனாவையே கூட்டிக்கொண்டு அங்கே துணி எடுக்கப் போகிறேன். பங்காளிகளுக்குத் தள்ளுபடி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.