கிரிஜா பேசிய ஆங்கிலம்

1994-இல் கல்யாணமாகிப் புணேவுக்கு வந்தபோது கிரிஜாவிடம் கணிதத்தில் முதல் வகுப்புப் பட்டமும் பி.எட். சான்றிதழும் இருந்தன. இரண்டையும் கோயம்புத்தூரில் தமிழ்வழியில் படித்து வாங்கியவள். கணவர் வாசுதேவன் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. விஷ்ராந்த்வாடியில் இரண்டு அறை வீடு.

மறு வருடம் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகம். முதல்வர் அம்மாள் சிரித்த முகமாக, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிரிஜா பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. ஒரு சாக்பீஸைக் கொடுத்திருந்தால் எந்தக் கணக்கையும் போட்டுக் காட்டியிருப்பாள். யாரும் கொடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் மாடி வீட்டுக்கு மேரி குடிவந்தாள். கோவாக்காரி. கணவர் ராணுவத்தில் சுபேதார். மேரிக்குத் தமிழ் தெரியாது, கிரிஜாவுக்கு அப்போது இந்தி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கிரிஜாவின் அரைகுறை ஆங்கிலம் ஒன்றுதான். மேரி அவளைத் திருத்தவே மாட்டாள். 'நேற்று மார்க்கெட் போகிறேன்' என்று கிரிஜா தப்பாகச் சொன்னால், 'ஓ, நேற்று போனாயா? அப்புறம்?' என்று சரியான வார்த்தையில் திருப்பிக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். துணி உலர்த்தும்போதும் வெந்தயக்கீரை ஆயும்போதும் மூன்று வருடம் இப்படியே பேசினார்கள். மேரியின் நாத்தனாரைப் பற்றி ஒருநாள் ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டு இறங்கி வரும்போது, இடையில் ஒருமுறைகூடத் தமிழில் யோசிக்கவில்லை என்பது கிரிஜாவுக்கு உறைத்தது. படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, எனக்கு வந்துருச்சுங்க" என்றாள் கணவரிடம்.

"என்ன வந்துருச்சு?"

"இங்கிலீஷுங்க."

1998 மார்ச்சில் அதே பள்ளிக்குப் போனாள். இந்தத் தடவை முதல்வரோடு இருபது நிமிடம் பேசினாள். ஜூனில் சேரச் சொன்னார்கள்.

மே மாதம் பொள்ளாச்சியில் மாமனாருக்குப் பக்கவாதம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. இரண்டு வயது மகள் வைஷுவைத் தூக்கிக்கொண்டு போனவள், அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்து திரும்பப் பதினான்கு மாதமாயிற்று. பள்ளியில் வேறு டீச்சர் வந்திருந்தார். மேரியின் கணவருக்கு அசாமுக்கு மாற்றலாகி, மாடி வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

அங்கே புதிதாகக் குடிவந்திருந்த பெண்மணியிடம் ஆங்கிலத்தில் பேசப்போனபோதுதான் தெரிந்தது. கேட்பதெல்லாம் புரிந்தது. சொல்ல நினைத்தது மட்டும் முதலில் தமிழில் வந்து நின்றது. அதை மாற்றிக் கோர்ப்பதற்குள் எதிரில் இருப்பவர் இந்திக்குத் தாவிவிட்டார்.

அவள் விட்டுவிடவில்லை. இரண்டு பஸ் மாறி ஔந்துக்குப் போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூன்று மாதம் படித்தாள். இருபத்தெட்டுப் பேர் இருந்த அந்த வகுப்பில், பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. வீட்டில் தினமும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை ஆங்கிலம்தான் என்று ஏற்பாடு செய்தாள். வாசுதேவன் நாலு நாள் ஒத்துழைத்தார். ஐந்தாம் நாள், "ஆபீஸ்ல பேசறது பத்தாதா? இங்கயாவது நிம்மதியா இருக்க விடு" என்றார். கோபமில்லை, களைப்புதான்.

வைஷு வளர்ந்து ஆங்கிலத்தில் பொளந்து கட்டினாள். அவளோடு பேசலாமென்று பார்த்தால், "ம்மா, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நீ தமிழ்லயே பேசேன், ப்ளீஸ்" என்றாள்.

2004-இல் வீட்டுக்கு மொபைல் வந்தது. அதன் சேவை மைய எண்ணைக் கூப்பிட்டால் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கிரிஜா ஆங்கிலத்துக்கான எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொன்னார். அது அவர் வேலை. அதன்பிறகு தினமும் மத்தியானம் கூப்பிட்டாள். என்ன கேட்பது என்று காலையிலேயே யோசித்து வைத்துக்கொள்வாள். சில வாரங்களில் தயக்கம் குறைந்தது. அந்தத் தைரியத்தில் புதிதாகத் திறந்த ஒரு பள்ளிக்கு விண்ணப்பம்கூடப் போட்டாள்.

விண்ணப்பம் போட்ட மறு வாரம் சேவை மையத்தில் எடுத்தது ஒரு பெண் குரல். கிரிஜா இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள்.

"மேடம், நீங்க தமிழா? தமிழ்லயே சொல்லுங்க மேடம். எனக்குச் சேலம்."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பேசறதுலயே தெரியுது மேடம்" என்றாள் அந்தப் பெண், உதவி செய்கிற சந்தோஷத்தோடு.

கிரிஜா கேட்க வந்ததைத் தமிழில் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு அந்த எண்ணைக் கூப்பிடவேயில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து போன் வந்தது. 'மிஸஸ் கிரிஜா வாசுதேவனோடு பேசலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"ஷீ இஸ் நாட் அட் ஹோம்" என்றாள் கிரிஜா.

எப்போது வருவார் என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார், திரும்ப நாளாகும், நீங்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வது நல்லது என்று தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நன்றி சொல்லி வைத்தார்கள்.

"யாரும்மா?" என்றாள் வைஷு.

"ராங் நம்பர், கண்ணு."

இப்போது வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள், இந்தியில். ஏழாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாவது போனதும் பெற்றோர்கள் ஆங்கிலத்தில் சொல்லித்தரும் இடமாகப் பார்த்து மாற்றிவிடுகிறார்கள்.